மலைக்கு இந்தப் பக்கம்

அக்டோபர் 6, திங்கள்

வெயில். மலை உச்சியில் மட்டும் மேகம்.

மூன்று பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கியது காலை 9.10. ஸ்டேஷனில் கையெழுத்து 9.50. ரைட்டர் பெரிய நோட்டை விரித்து எனக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினார். தங்கப்பாண்டி, வயது 41, டிரைவர்.

"எந்த ஊருப்பா?"

"வருசநாட்டுப் பக்கம் ஐயா."

"என்ன கேஸு?"

பேப்பரில் இருக்கிறது. இருந்தாலும் வாயால் சொல்ல வைத்தார்.

"ஆட்டுத் திருட்டு ஐயா."

பக்கத்து மேஜையில் இருந்த பெண் போலீஸ் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

கோர்ட் உத்தரவு இது: ஜாமீனில் வெளியே வரலாம். சொந்த ஊருக்குப் போகக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கி, மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் திரும்ப ஜெயில். புகார் கொடுத்தவரைப் பார்க்கவோ பேசவோ கூடாது.

இந்த நோட்டு வாங்கச் சொன்னது வக்கீல் சார். எத்தனை மணிக்குப் போனேன், யார் இருந்தார்கள், தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். நாளைக்கு யாராவது வரவில்லை என்று சொன்னால் காட்ட ஆகும். மற்றதை எழுதச் சொல்லவில்லை.

லாட்ஜ் மாடியில் துணி காயப்போடப் போனேன். நேர் எதிரே மலை. எங்கள் ஊரில் இதே மலை கிழக்கே நிற்கும். சூரியன் அதன் பின்னாலிருந்து ஏறி வரும். இங்கே அது மேற்கே. சாயங்காலம் சூரியன் அதற்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் என் வீடு.

அக்டோபர் 7, செவ்வாய்

கையெழுத்து, சுருக்கமாகக் கை. 9.40. ரைட்டர் இருந்தார்.

வீட்டுக்குப் போன். எடுத்தது மகள் கயல்விழி. ஒன்பதாவது படிக்கிறாள்.

"சாப்பிட்டீயாப்பா?"

"சாப்பிட்டேன். அம்மா எங்க?"

"அம்மா... வேலையா இருக்கு."

பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் செல்வி. மூச்சு கேட்டது மாதிரி இருந்தது. என் மூச்சாகவும் இருக்கலாம்.

ஜெயிலில் இருந்த இருபத்து மூன்று நாளும் அவள் வரவில்லை. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட அண்ணன்தான் வந்தான். அவனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கை. 9.45. பெண் போலீஸ்.

கையெழுத்து ஒரு நிமிஷம். மீதி நாள் முழுக்க என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. தெரு தெருவாக நடந்தேன். எந்தத் தெருவில் திரும்பினாலும் கோபுரம். பால் காய்ச்சும் வாசனை. பால்கோவாக் கடை வாசலில் கூட்டம். எல்லோரும் யாருக்கோ வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்குக் கட்டிக் கொண்டுபோக ஆள் இல்லை.

டீக்கடைக்காரரிடம் வேலை கேட்டேன்.

"வண்டி ஓட்டுவேன். எந்த வேலையா இருந்தாலும் பாப்பேன்."

"மம்சாபுரத்துக்கு மேக்க ஒரு மாந்தோப்பு இருக்கு. ராஜபாளையத்து அம்மா ஒருத்தவுகளுது. தங்கிப் பாக்க ஆளு தேடுதாகன்னு கேள்வி. போய்ப் பாரும்."

அக்டோபர் 10, வெள்ளி

கை. 9.30. அங்கிருந்து நேராக மினி பஸ்ஸில் தோப்புக்கு.

அம்மா பெயர் பத்மாவதி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். தனியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வீடு ராஜபாளையத்தில். கணவர் இறந்து மூன்று வருஷம். வீட்டில் தெலுங்கு. என்னிடம் தமிழ்.

"மரத்துக்குத் தண்ணி பாய்ச்சணும். வேலிய பாத்துக்கணும். அப்பறம் ஆடு இருக்கு, பதினொண்ணு. ஆடு மேய்ப்பியா?"

கொட்டகைப் பக்கம் பார்த்தேன்.

"மேய்ப்பேன்மா."

"ராத்தங்கல் இங்கதான். வீட்டுல விடுவாங்களா?"

"விடுவாங்கம்மா. ஆனா காலையில மட்டும் ரெண்டு மணி நேரம் வெளிய போகணும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரில சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரு."

பொய். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. பிறகு எடுக்க முடியவில்லை.

அம்மா தலையை ஆட்டினார். கொட்டகைச் சாவியைக் கையில் கொடுத்தார்.

ஆட்டைத் திருடியவன் கையில் ஆட்டுக் கொட்டகைச் சாவி.

அக்டோபர் 12, ஞாயிறு

கை. 9.50. ஞாயிறும் விடுமுறை கிடையாது.

தோப்பில் இருப்பவை: மாமரம், கொஞ்சம் தென்னை, மோட்டார் ரூம், அதை ஒட்டி என் அறை, கொட்டகை, ஆடு பதினொன்று, நாய் ஒன்று. ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். பெயர் பங்காரு. தெலுங்கில் தங்கம் என்று அர்த்தமாம். நானும் தங்கம், நீயும் தங்கம் என்றேன். காது கேட்காததுபோல் இருந்தது. வா என்றால் வராது, போ என்றால் போகாது. அம்மா "ரா" என்றதும் ஓடுகிறது. அதற்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும்.

ரா என்றால் வா. வத்து என்றால் வேண்டாம். இன்று கற்றது இரண்டு சொல்.

மத்தியானம் ஃபாரஸ்ட் வாச்சர் ஒருவர் தண்ணீர் குடிக்க வந்தார். முனியாண்டி, மம்சாபுரத்துக்காரர். இந்தப் பக்கம் தினமும் சுற்றுகிறவர். மலையைக் காட்டிக் கேட்டேன்.

"அண்ணே, இதுல நேரா ஏறி அந்தப் பக்கம் எறங்குனா வருசநாடுதான?"

"வருசநாடுதாம். காலையில ஏறுனா மறுநா போயிரலாம். ஆனா எறங்க விடாது. யானை கிடக்கு, புலி கிடக்கு. அதுக்கெல்லாம் தப்பிச்சாலும் நாங்க கிடக்கோம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கை. 9.45. புழுக்கம்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். ஒன்று வந்து என் முட்டியில் தலையை உரசியது. உட்கார்ந்துவிட்டேன். இதை ஒரு தடவை எழுதிவிட வேண்டும்.

போலீஸிடம் நான் சொன்னது: வாடகைக்குக் கூப்பிட்டார்கள், வண்டி ஓட்டினேன், யார் ஆடு என்று தெரியாது.

நடந்தது: எங்கள் ஊர் மாரிச்சாமியும் அவன் சேக்காளியும் விடிவதற்கு முன்னால் ஓடைப் பாலத்துப் பக்கம் என் குட்டியானை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். சாதாரண வாடகையைவிட அதிகம் தருகிறோம் என்றதுமே எனக்கு விளங்கியது. நாலு ஆடு ஏற்றினார்கள். திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். சந்தைக்கு நாலு மைல் இருக்கும்போது விடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு ஆட்டுக்கு இடது காது கிழிந்திருந்தது.

அது பேச்சியம்மா அக்காவின் ஆடு. அப்படியென்றால் நாலுமே அவளுடையதுதான். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. செல்வியும் அவளும் நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போவார்கள். கயல் கைக்குழந்தையாக இருந்தபோது செல்விக்கு மஞ்சள் காமாலை. அந்த வீட்டு ஆட்டுப் பால்தான் கயல் குடித்தாள். அந்தக் காதை முள்வேலியிலிருந்து எடுத்துவிட்டதே நான்தான்.

சந்தையில் நாலும் விற்றுப்போயின. வண்டியை நிறுத்தியிருக்கலாம். திருப்பியிருக்கலாம். நாலு மைல் இருந்தது. நிறுத்தவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தூறல்.

கை. 9.20. ஸ்டேஷனில் இரண்டே பேர். ரைட்டர் ஒரு முறுக்கைத் தாளில் வைத்து நீட்டினார். "நல்ல நாளு, தின்னுட்டுப் போ." வாங்கிக்கொண்டு வெளியே வந்து தின்றேன்.

பத்மாவதி அம்மா ஒரு டப்பா பலகாரமும் ஒரு வேட்டியும் கொண்டுவந்தார்.

"ஆஸ்பத்திரில இருக்கறவருக்கும் குடு."

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ராஜபாளையத்தில் போடும் வெடி இங்கே கேட்கிறது. ஆடுகள் ஒரே மூலையில் ஒடுங்கிக்கொண்டன. பங்காரு என் அறைக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ரா, ரா என்றேன். வரவில்லை.

வீட்டுக்குப் போன். முதல் தடவையாக செல்வி எடுத்தாள்.

"ம்."

"நல்ல நாளும் அதுவுமா..."

பேச்சை மாற்றினேன்.

"கயலுக்குத் துணி எடுத்தியா?"

"பேச்சியம்மா இன்னைக்கு உலை வைக்கல." இவ்வளவுதான். கயல் கையில் கொடுத்துவிட்டாள்.

அக்டோபர் 25, சனி

கை. 9.55. பஸ் தாமதம். ஓடினேன். மழை. வேட்டி நனைந்து, செருப்பு ஒன்று அறுந்து, ஒற்றைச் செருப்போடு ஸ்டேஷனுக்குள்.

நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் ஆட்டிடம் பேசினேன்.

அக்டோபர் 29, புதன்

காலை ஆறரைக்குக் கொட்டகையைத் திறந்தேன். எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்து.

கறுப்புப் பெட்டை இல்லை. ராத்திரி மழையில் பின்பக்கத் தட்டி சரிந்திருந்தது. அந்த வழியாகப் போயிருக்க வேண்டும். ஓடை வரைக்கும் ஓடினேன். வேலி ஓரம் முழுக்கச் சுற்றினேன். இல்லை. பங்காரு மலைப் பக்கம் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

எட்டே முக்காலுக்கு அம்மா வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் வண்டியில் இருந்தபடியே, "ஏமைந்தி?" பிறகு தமிழில், "என்ன ஆச்சு?"

"ஒரு ஆட்டக் காணோம்மா."

"எது?"

"கறுப்பு."

இறங்கிப் போய்த் தட்டியைப் பார்த்தார். திரும்பி வந்தார். அப்போதே சொல்லாவிட்டால் எப்போதுமே முடியாது என்று தோன்றியது.

"அம்மா, இன்னொண்ணு. ஆஸ்பத்திரில எனக்கு யாரும் இல்ல. நான் தினமும் போறது ஸ்டேஷனுக்கு. கையெழுத்துப் போட."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆட்டுத் திருட்டு கேஸும்மா."



"செஞ்சியா?"

வக்கீலிடம்கூட நான் இதற்கு நேர் பதில் சொன்னதில்லை.

"செஞ்சேன். வண்டி ஓட்டுனது நான். தெரிஞ்சேதான் ஓட்டுனேன். ஆனா இந்தக் கறுப்பு ஆட்ட நான் தொடல."

"முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை குடுத்திருப்பீகளா?"

"மாட்டேன்."

வெடுக்கென்று வந்தது பதில். பிறகு கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். ஒன்பது ஐந்து. என் பஸ் போயிருக்கும்.

"எத்தன மணிக்குப் போடணும்?"

"பத்துக்குள்ள."

"ஏறு."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன்.  கை. 9.42. வெளியே வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். போர்டில் எழுதியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பவும் ஏறு என்றார்.

தோப்பில் முனியாண்டி அண்ணன் காத்திருந்தார். ஓடைக்கு மேலே பாறைச் சந்தில் பாதி ஆடு கிடக்கிறதாம். சிறுத்தை. இழுத்துக்கொண்டு போன தடத்தைக் காட்டினார். அம்மா குனிந்து, நின்று, நன்றாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. ஆட்டுக்காகவா, நான் இல்லை என்று தெரிந்துவிட்டதாலா என்று சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது அம்மா கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தேன். முனியாண்டி அண்ணன் கையில் கொடுத்தார்.

"சாயங்காலம் நீங்க பூட்டுங்க. காலையில வந்து நீங்களே திறங்க."

வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 1, சனி

கை. 9.45.

தட்டியைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்தேன். கையெல்லாம் கீறல்.

ஆறு மணிக்கு முனியாண்டி அண்ணன் வந்து பூட்டினார். பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவர், இன்று இழுத்துப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாதப்பா. அவிய சொல்லுதாக, நா செய்யுதேன்."

"அதுல என்ன இருக்குண்ணே."

அவர் போன பிறகு கொட்டகைப் பக்கம் போகாமல் மோட்டார் ரூமுக்கு அந்தாண்டை உட்கார்ந்துகொண்டேன். அங்கே நின்றால் யாராவது பார்த்து என்ன நினைப்பார்களோ. யாருமே இல்லாத தோப்பில்.

நவம்பர் 5, புதன்

கை. 9.40. காலையிலிருந்து அடைமழை.

சாயங்காலம் முனியாண்டி அண்ணன் பூட்டிவிட்டுப் போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே ஒரு ஆடு கத்தியது. பசிக் கத்தல் இல்லை. வலைக்கு வெளியே நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளி ஆடு படுத்திருந்தது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே. தலை வரவில்லை. இன்னும் பத்து நாள் ஆகும் என்று நினைத்திருந்தோம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. காட்டுக்குள் போயிருந்தால் டவர் இருக்காது. அம்மாவுக்குப் போட்டேன்.

"அம்மா, புள்ளி ஆடு குட்டி போடுது. கால் முன்னாடி வந்து மாட்டிக்கிச்சு. அண்ணன் போன் எடுக்கல."

"நான் வர முக்கா மணி நேரம் ஆகுமே. அது வரைக்கும் தாங்குமா?"

"தாங்காதும்மா."

"என்ன செய்யலாம்?"

"பூட்ட உடைக்கணும்."

மறுபக்கம் மழைச் சத்தம். அங்கேயும் பெய்கிறது போல.  

"உடை."

கடப்பாரையால் இரண்டு போடு. மூன்றாவதில் தெறித்தது. உள்ளே போய் கையில் விளக்கெண்ணெய் தடவி, காலை மெல்ல உள்ளே தள்ளி, தலையைத் தேடித் திருப்பினேன். அப்பா செய்ததைப் பார்த்திருக்கிறேன், நான் செய்தது இதுதான் முதல் தடவை. குட்டி வந்தது. மூச்சு இல்லை. மூக்கில் வாய் வைத்து ஊதி, வைக்கோலால் தேய்த்தேன். தும்மியது. அதன் பின்னாலேயே இன்னொன்று, சிரமமில்லாமல்.

அம்மா நனைந்துகொண்டு வந்தபோது தாய் இரண்டையும் நக்கிக்கொண்டிருந்தது. கீழே உடைந்த பூட்டு. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ரெண்டும் பெட்டையா?"

"ஒண்ணு கிடா."

அவர் கிளம்பும்வரை பேசியதெல்லாம் குட்டியைப் பற்றித்தான்.

நவம்பர் 6, வியாழன்

கை. 9.50.

திரும்பி வந்தபோது கொட்டகையில் புதுப் பூட்டு. சாவி என் அறை ஆணியில் தொங்கியது. அம்மா வந்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 12, புதன்

கை. 9.45. கடைசிக் கை.

பதினொரு மணிக்கு வக்கீல் சார் போன். நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். இனி ஊருக்குப் போகலாம். திங்கள்கிழமை மட்டும் எங்கள் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்து.

"ஆனா ஒண்ணு தங்கப்பாண்டி. கேஸ் முடியல. பேச்சியம்மாதான் புகார் கொடுத்தவங்க. அந்தம்மா வீட்டுப் பக்கமே போகக் கூடாது. மன்னிப்புக் கேக்குறேன், அது குடுக்குறேன், இது குடுக்குறேன்னு போனீங்கன்னா, சாட்சியக் கலைக்கப் பாத்தான்னு ஜாமீனே போயிரும். குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரியும் ஆயிரும்."

சரி சார் என்றேன்.

முப்பத்தெட்டு நாள். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஓடைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கை இல்லை. ஒன்பது மணிக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடியது.

வீட்டுக்குப் போன். செல்வியைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள்.

"ஊருக்கு வரலாம்னு சொல்லிட்டாங்க."

"வா. ஆனா மொதல்ல பேச்சியம்மா வாசலுக்குப் போ. பொறவு நம்ம வீடு."

"போகக் கூடாதுன்னு வக்கீலு..."

"வக்கீலு இந்தத் தெருவுலயா குடியிருக்காரு? நான் குடியிருக்கேன். ரெண்டு மாசமா அவ மொகத்துல முழிக்கேன். அவ என்னய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாத் தேவல."

அழுகிறாளா என்று தெரியவில்லை. 

"வெறுங்கையோட போகாத" என்றாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். மலை தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். கூலிக்குப் பதிலாக ஒரு ஆடு. யாருக்கு, எதற்கு என்பதையும் சொன்னேன். வக்கீல் சொன்னதையும் சொன்னேன்.

"ஜெயிலுக்குப் போக வேண்டி வந்தா?"

"அப்பவும் ஆடு குடுத்தது குடுத்ததுதானம்மா."

கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். செவலைப் பெட்டையைக் காட்டினார். இருப்பதிலேயே நல்லது. இரண்டு மாதச் சினை.

"அது கூலிக்கு மேலம்மா."

"பூட்ட உடைச்சதுக்கு."

கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு யோசித்தார். "நீ ஆட்ட ஓட்டிட்டுப் போனா வழியில யாரு நம்புவா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. கட்டில் மேல் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். கையெழுத்து தமிழில் போட்டு, அதன் கீழே தெலுங்கிலும் போட்டார். போன் நம்பர் எழுதினார்.

"எவனாவது கேட்டா எனக்குப் போன் போடச் சொல்லு."

நவம்பர் 15, சனி

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். உசிலம்பட்டிக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் வண்டியில் சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தார் முனியாண்டி அண்ணன்.

ஆட்டோடு பின்னால் உட்கார்ந்து போனேன். அன்று கண்ணாடியில் மட்டும் பார்த்தேன். இன்று முழுப் பாதையும் அதன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

கிருஷ்ணன்கோவில் தாண்டி ஓரிடத்தில் மறித்தார்கள். சின்ன வயசுப் போலீஸ்காரர்.

"ஆடு யாருது?"

தாளைக் கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதையும் பார்த்தார்.

"ஏன் குனியுத?"

"ஒண்ணுமில்ல ஐயா."

நம்பருக்குப் போட்டார். அம்மா பேசியது எனக்குக் கேட்கவில்லை. போலீஸ்காரர் மட்டும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று நாலு தடவை. தாளை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார்.

உசிலம்பட்டியில் வண்டி மாறி, ஆண்டிபட்டியில் இன்னொரு முறை மாறி, இருட்டும் நேரத்தில் அண்ணன் தோட்டம். இந்த நேரத்தில் தெருவுக்குள் ஆட்டோடு போக வேண்டாம் என்றான் அண்ணன். அதுவும் சரிதான். தோட்டத்திலேயே படுக்கை.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். எட்டு மணிக்குத் தெருவுக்குள் போனேன். எல்லோரும் பார்க்கிற நேரமாகப் பார்த்துத்தான்.

பேச்சியம்மா அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"இது யாரு ஆடு?"

முதல் கேள்வி அது.

தாளை எடுத்து நீட்டினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கயல் எங்கள் வாசலிலிருந்து ஓடி வந்திருந்தாள். அக்கா தாளை அவளிடம் நீட்டினாள். கயல் சத்தமாக வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி.

"என் தோப்பில் வேலை பார்த்த தங்கப்பாண்டிக்கு, அவர் செய்த வேலைக்குக் கூலியாக, ஒரு செவலைப் பெட்டை ஆட்டை என் மனதாரக் கொடுத்திருக்கிறேன். இது அவருடைய ஆடு."

தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள்.

"அக்கா, அன்னைக்கு வண்டி ஓட்டுனது நான்தான். விடிஞ்சதும் காதப் பாத்தேன். ஒன் ஆடுன்னு தெரிஞ்சுது. அப்பறமும் ஓட்டுனேன்."

வாளியைக் கீழே வைத்தாள். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள்.

"சினையா?"

"ரெண்டு மாசம்."

"என்னுது நாலு."

"தெரியும்க்கா."

"இது ஒண்ணு."

"தெரியும்க்கா."

கயிற்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னை உட்கார் என்று சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை. அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் தராமல் அனுப்பியது இதுதான் முதல் தடவை. ஆனால் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் செல்வி சோறு போட்டாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுல கூப்பிட்டா அவ நடந்ததத்தான் சொல்லுவா. இன்னைக்கு நீ சொன்னதயும் சேத்து."

"சொல்லட்டும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு.

நவம்பர் 17, திங்கள்

எங்கள் ஊர் ஸ்டேஷன். கை. 9.55.

வண்டி போலீஸ் வசம். வாடகைக்கு இனி என்னை யார் கூப்பிடுவார்கள் என்று டீக்கடையில் ஒருவர் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். உண்மைதான்.

பத்மாவதி அம்மாவுக்குப் போன்.

"அம்மா, பாண்டி பேசுறேன். வேலைக்கு ஆள் வச்சுட்டீகளா?"

"இல்ல. எப்ப வார?"

"திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை மட்டும் இங்க வரணும்மா. இன்னும் மூணு ஆடு..."

"நீ முதல்ல வா."

செல்வியிடம் சொன்னேன். நாளைக் காலை முதல் பஸ் என்றேன். எத்தனை மாசம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கம்பளியை எடுத்து வந்து உதறி மடித்தாள்.

"அங்க குளிருமா?"

குளிரும் என்றேன்.